உள்ளாட்சிக்கு அவசரகாலத் தொடர்புத் திட்டம் எழுதுவது எப்படி?

கேள்வி இது: சுமார் 60,000 பேர் வாழும் ஊரின் உள்ளாட்சி நிர்வாகம். வெள்ளம், புயல், பெருந்தீ போன்ற நேரங்களுக்கு ஒரு தகவல் தொடர்புத் திட்டம் தயாரிக்க வேண்டும். இப்போது கையில் இருப்பது ஒரு தொலைபேசி எண் பட்டியலும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான். எங்கிருந்து தொடங்குவது, எதை வாங்குவது, எங்கே சறுக்கும்?

வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு பக்கம் எழுத வேண்டும்: மக்களை வெளியேறச் சொல்லும் அறிவிப்பை யார் கொடுப்பார், அவர் கிடைக்காவிட்டால் யார், அவரும் கிடைக்காவிட்டால் யார். இந்தப் பக்கம் இல்லாத ஊரில் எத்தனை வயர்லெஸ் செட் இருந்தாலும் எச்சரிக்கை நேரத்துக்குப் போகாது. 2021 ஜூலை 14 அன்று ஜெர்மனியின் ஆர் (Ahr) ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்ததைப் பாருங்கள். ஆற்றின் மேற்பகுதி ஊர்களில் மாலையிலேயே வெள்ளம் வீடுகளைத் தாக்கத் தொடங்கிவிட்டது. மாவட்ட நிர்வாகத்தின் வெளியேற்ற அறிவிப்பு இரவு 11 மணிக்கு மேல்தான் வந்தது. அதுவும் ஆற்றின் இரு கரையிலும் 50 மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். வெள்ளமோ அந்த 50 மீட்டரைத் தாண்டி வெகுதூரம் போனது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். மின்சாரமும் கைபேசியும் செத்தது இரவில் நிலைமையை இன்னும் மோசமாக்கியது உண்மை. ஆனால் அவை உயிரோடு இருந்த மாலை நேரம் முடிவில்லாமல் கழிந்தது.

ஆகவே அந்த ஒரு பக்கத்தில் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள், ஒவ்வொரு பதவிக்கும் மூன்று ஆள் ஆழம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆள் இரவுப் பணியில் இருக்கும் பொறியாளராகவோ சுகாதார அலுவலராகவோ இருக்கலாம். அவருக்கும் அதே அதிகாரம் உண்டு என்று நிர்வாகத் தலைவர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ‘மேலிடத்தைக் கேட்டுவிட்டு’ என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் வரக் கூடாது. அதோடு முடிவைத் தூண்டும் அளவையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ‘பாலத்தின் அளவுகோலில் நீர் இந்தக் கோட்டைத் தொட்டால், பணியில் இருப்பவர் யாரையும் கேட்காமல், முன்பே எழுதி வைத்த இரண்டாம் எண் அறிவிப்பைக் கொடுக்கலாம்’ என்பது போல. நள்ளிரவில் தனியாக இருக்கும் ஓர் அலுவலருக்குத் துணிச்சல் கொடுப்பது அந்த வரிதான்.

அடுத்தது, யாருக்கும் யாருக்கும் இடையே என்ன செய்தி போகும் என்று பார்ப்பது. இதில் மூன்று ஓட்டங்கள் உண்டு, மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. உங்கள் ஊழியர்களுக்குள் ஓடுவது ஒன்று: பம்ப் நிலையம், முகாம், ஜேசிபி, குடிநீர் லாரி. மற்றத் துறைகளோடு ஓடுவது இன்னொன்று: தீயணைப்பு, காவல், மருத்துவமனை, மின்வாரியம், அணைப் பொறியாளர். பொதுமக்களோடு ஓடுவது மூன்றாவது, அது இரு திசையிலும் ஓட வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் மூன்றாவது ஓட்டத்தின் ஒரு திசையை மட்டும் எழுதிவிட்டு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கின்றன. மக்களிடமிருந்து உள்ளே வரும் அழைப்புகளை யார் எடுப்பார், எதில் குறிப்பார், எந்த அழைப்பு எந்தத் துறைக்குப் போகும் என்பது எழுதப்படாமலே கிடக்கிறது. முதல் இரண்டு மணி நேரத்தில் கட்டுப்பாட்டு அறை மூழ்குவது இந்த அழைப்புகளில்தான்.

தொடர்புப் பட்டியலைப் பற்றி ஒரே விஷயம். ஒவ்வொரு பதவிக்கும் அலுவலக எண், கைபேசி, வேறு நிறுவனத்தின் சிம்மில் இரண்டாவது கைபேசி, வயர்லெஸ் அழைப்புப் பெயர், வீடு இருக்கும் இடம் ஆகியவை இருக்கட்டும். வீடு இருக்கும் இடம் எதற்கென்றால், எந்த எண்ணும் வேலை செய்யாதபோது ஒருவர் சைக்கிளில் போய்க் கதவைத் தட்டுவதற்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் எண்ணையும் உண்மையாகவே அழைத்துப் பாருங்கள். பணிமாற்றம், ஓய்வு, சிம் மாற்றம் என்று பல எண்கள் அதற்குள் செத்திருக்கும்.

கைபேசி ஏன் போகும், எப்போது போகும் என்று அலுவலர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மாற்று வழியின் தேவையை நிதிக்குழுவில் விளக்க வேண்டியவர்கள் அவர்கள். முதலில் நெரிசல்: ஊரே ஒரே நேரத்தில் அழைக்கும்போது கோபுரம் நல்ல நிலையில் இருந்தாலும் அழைப்பு போகாது. இந்தக் கட்டத்தில் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்விடும். ஒரு நொடி இடம் கிடைத்தால் போதும், கிடைக்காவிட்டாலும் அது வரிசையில் நின்று மறுபடி முயலும். அடுத்து மின்சாரம்: கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரமே தாங்கும். அதன் பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வேண்டும், அதற்குச் சாலை இருக்க வேண்டும். மூன்றாவது இழைக்கேபிள் (ஒளியிழைக் கேபிள்): கோபுரம் இயங்கிக்கொண்டிருக்கும், கைபேசியில் சிக்னல் கோடுகூடத் தெரியும், ஆனால் பின்னால் போகும் கேபிள் பாலத்தோடு அடித்துப் போயிருக்கும். 2017 செப்டம்பரில் மரியா புயலுக்குப் பிறகு பியூர்ட்டோ ரிக்கோவில் கைபேசிக் கோபுரங்களில் சுமார் 95 சதவீதம் செயலிழந்தன. 2022 ஜனவரியில் எரிமலை வெடிப்பு கடலடிக் கேபிளை அறுத்தபோது, டோங்காவின் முதன்மைத் தீவுக்கு அந்த இணைப்பு திரும்ப வர ஐந்து வாரம் ஆனது.

இரண்டு நிறுவனங்களின் இணைப்பு வைத்திருக்கிறோம், ஒன்று போனால் மற்றொன்று இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் பல. இரண்டு கேபிளும் ஒரே குழாயில், ஒரே பாலத்தின் அடியில் போகின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அப்படித்தான் போகும். அலுவலகத் தரைவழித் தொலைபேசி இருக்கிறதே என்பதும் அதே ரகம். பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது, அதனால் மின்வெட்டிலும் மணி அடித்தது. இழைக்கேபிளில் வரும் இன்றைய தொலைபேசி, சுவரில் மாட்டிய பெட்டிக்கு மின்சாரம் இல்லாத நொடியில் ஊமையாகிவிடும். அந்தப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சிறு யூபிஎஸ் வைப்பது மலிவான வேலை. ஆனால் கணினிக்கு வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு முக்கியமான தொடர்புக்கும் நான்கு படி எழுதுங்கள்: முதல் வழி, மாற்று வழி, நெருக்கடி வழி, கடைசி வழி. கட்டுப்பாட்டு அறைக்கும் முகாம்களுக்கும் இடையே என்றால் கைபேசி, பிறகு விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) வயர்லெஸ், பிறகு ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) இல்லாத நேரடி அலைவரிசை, கடைசியில் மோட்டார் சைக்கிளில் எழுத்துச் செய்தி. பட்டியல் எல்லோரும் எழுதிவிடுவார்கள். எழுதாமல் விடுவது எப்போது அடுத்த படிக்கு மாறுவது என்பதைத்தான். ஒருவர் வயர்லெஸுக்கு மாறியிருப்பார், மற்றவர் இன்னும் கைபேசியில் முயன்றுகொண்டிருப்பார், இருவரும் உயிரோடு இருந்தும் பேசிக்கொள்ள முடியாது. அதனால் விதியை எழுத்தில் வையுங்கள்: ‘5 நிமிடத்தில் மூன்று முறை அழைத்தும் கிடைக்காவிட்டால் வயர்லெஸ் 2ஆம் சேனலுக்கு மாறு. அங்கும் 10 நிமிடம் பதில் இல்லையென்றால் நேரடி அலைவரிசை. ஒவ்வொரு மணியின் முதல் 5 நிமிடமும் எல்லோரும் 2ஆம் சேனலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.’ கடைசி வாக்கியம்தான் தொலைந்துபோனவர்களை மறுபடி ஒன்றுசேர்க்கும். பல நாடுகளில் அவசரப் பணியாளர்களின் கைபேசி அழைப்புக்கு முன்னுரிமை தரும் திட்டம் உண்டு. முன்பே பதிவு செய்தால்தான் கிடைக்கும், பேரிடர் நாளில் கேட்டால் கிடைக்காது.

வயர்லெஸ் வாங்கும்போது விற்பவர் சொல்லும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். தூரத்தைத் தீர்மானிப்பது வாட் அல்ல, ஆன்டெனாவின் உயரம். ஒரு மனக்கணக்கு: மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை இரு முனைக்கும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால், தடையில்லாத சமதரையில் எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். கையில் 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்த இரண்டு வாக்கி-டாக்கிகளுக்கு இது 10 கிலோமீட்டர் காட்டும். கட்டிடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே உண்மையில் கிடைப்பது ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர். ஒரு முனையில் 20 மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா வைத்தால் கணக்கு 23 கிலோமீட்டருக்கு உயரும், ஊர் முழுவதும் நிதானமாக எட்டும். ஆகவே 30 வாக்கி-டாக்கி வாங்கும் பணத்தில், 20 வாங்கிக்கொண்டு மீதியில் நல்ல ஆன்டெனாவும் தரமான கேபிளும் போடுங்கள். திறந்த வெளி அதிகமுள்ள ஊருக்கு விஎச்எஃப் ஏற்றது, அடுக்குக் கட்டிடங்களுக்குள் புகுந்து பேச வேண்டியிருந்தால் அதையும்விட உயர்ந்த அதிர்வெண்ணான யூஎச்எஃப் உதவும். உரிமம் இரண்டுக்கும் வேண்டும், அது வர மாதங்கள் ஆகலாம்.

வாங்கிய செட்டுகள் பேச மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மிகச் சிறியது. இரண்டு துறைகளின் செட்டும் ஒரே அலைவரிசையில் இருக்கும், ஆனால் துணைத்தொனி (செட் குரலைத் திறந்துவிட அலையோடு சேர்த்து அனுப்பும், காதில் விழாத ஒலி) வேறாக இருக்கும். ஒருவர் பேசுவது மற்றவர் செட்டில் விளக்காக எரியும், குரல் வராது. ஒன்று டிஜிட்டல், மற்றொன்று அனலாக் என்றால் இரைச்சல் மட்டும் கேட்கும். ரிப்பீட்டர் போனால் நேரடியாகப் பேசும் சேனலை யாரும் நிரலில் சேர்த்திருக்க மாட்டார்கள். யாரோ மைக்கின் மேல் உட்கார்ந்து சேனல் முழுவதையும் அடைத்துவிடுவார், 60 நொடியில் தானே அணையும் அமைப்பைப் போட்டிருந்தால் அது நடக்காது. எல்லா செட்டிலும் ஒரே எண்ணில் ஒரே சேனல் இருக்கும்படி நிரலிட்டு, அந்தப் பட்டியலை ஒட்டுத்தாளில் அச்சிட்டு ஒவ்வொரு செட்டின் முதுகிலும் ஒட்டிவிடுங்கள். மற்றத் துறைகளோடு பேச ஒரு பொதுச் சேனலை எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்ளுங்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் ஹெலிகாப்டரில் இருந்த காவலர்கள் உலக வர்த்தக மையக் கோபுரம் விழப்போகிற அறிகுறிகளைப் பார்த்துச் சொன்னார்கள். தீயணைப்புத் துறையின் ரேடியோ வேறு, அந்தச் சொல் உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஊரே துண்டிக்கப்பட்டு வெளியே செய்தி அனுப்ப வேண்டியிருந்தால் சாட்டிலைட் போனும் ஹாம் ரேடியோவும் (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் சொந்தமாக இயக்கும் ரேடியோ) தான் கை கொடுக்கும். சாட்டிலைட் போன் கட்டிடத்துக்குள் வேலை செய்யாது, திறந்த வானம் வேண்டும். இருக்கும் ஒரே போனைப் பூட்டிய அலமாரியில் சார்ஜ் இல்லாமல் வைத்திருப்பதும், சந்தா காலாவதியாகிவிட்டதை வெள்ள நாளில் கண்டுபிடிப்பதும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு. பல நாடுகளில் அதை வைத்திருக்கவே முன்அனுமதி வேண்டும். ஹாம் ரேடியோக்காரர்களுக்கு எந்த நிறுவனத்தின் கட்டமைப்பும் தேவையில்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பியைத் தரையிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில் படுக்கையாகக் கட்டினால் அலை நேர்மேலே போய்த் திரும்பி இறங்கும். நடுவில் மலை இருந்தாலும் 300 கிலோமீட்டர் வரை பேசலாம். இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும், கம்பியின் நீளமும் இரட்டிப்பாகும். உங்கள் பகுதியில் உரிமம் பெற்ற ஹாம்களை இப்போதே கண்டுபிடித்து, அவர்கள் உட்கார ஒரு மேசை, கூரைக்குக் கம்பி இழுக்க ஒரு துளை, 12 வோல்ட் மின்சாரம், கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைய அடையாள அட்டை ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். வாசலில் காவலர் அவர்களைத் திருப்பி அனுப்புவது வேதனையான விஷயம்.

மின்சாரத்தைக் கணக்குப் போட்டுத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், ஊகத்தில் அல்ல. 25 வாட் நிலையச் செட் ஒன்று கேட்கும்போது சுமார் 0.5 ஆம்பியரும் பேசும்போது சுமார் 6 ஆம்பியரும் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நேரத்தில் பத்தில் ஒரு பங்கு பேசுகிறது என்றால் சராசரி 1.05 ஆம்பியர், நாளுக்கு 25 ஆம்பியர்-மணி. 72 மணி நேரத்துக்கு 76. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் போய்விடும், ஆகவே 150 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பேரிடர் நாளில் கட்டுப்பாட்டு அறைச் செட் பத்தில் ஒரு பங்கா பேசும்? பத்தில் நான்கு பங்கு பேசும். அப்போது சராசரி 2.7 ஆம்பியர். மூன்று நாளுக்கு என்று வாங்கிய அதே பேட்டரி 28 மணி நேரத்தில் பாதியைத் தொட்டுவிடும். அதனால் கட்டுப்பாட்டு அறைக்குத் தனிக்கணக்கு, மற்ற இடங்களுக்குத் தனிக்கணக்கு.

வாக்கி-டாக்கி பேட்டரி ஒரு முழுப் பணிநேரம் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருப்பது 5 சதவீதம் பேசி, 5 சதவீதம் கேட்டு, மீதி நேரம் சும்மா இருக்கும் கணக்கு. 12 மணி நேரப் பணிக்குச் செட்டுக்கு இரண்டு பேட்டரி குறைந்தபட்சம். ஒவ்வொரு பேட்டரியிலும் வாங்கிய மாதத்தை மார்க்கரில் எழுதி, மூன்று ஆண்டு தாண்டியதைப் பயிற்சிக்கு மட்டும் வையுங்கள். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை அரை மணி நேரம் உண்மையான சுமையோடு ஓட்ட வேண்டும். சுமையில்லாமல் ஓட்டினால் எரியாத டீசல் புகைக்குழாயில் படிந்து, தேவைப்படும் நாளில் திணறும். டீசலும் கெடும், ஆண்டுக்கணக்கில் டேங்கில் விட்டுவைக்காமல் பயன்படுத்தி மாற்றிக்கொண்டே இருங்கள்.

கட்டுப்பாட்டு அறை எங்கே இருக்கிறது என்பதும் தொடர்புத் திட்டத்தின் பகுதியே. நியூயார்க் நகரத்தின் அவசரகால மையம் உலக வர்த்தக மையத்தின் 7ஆம் கட்டிடத்தில் இருந்தது. அதைத் தாக்குதல் நடந்த காலையிலேயே காலி செய்ய வேண்டியிருந்தது, மாலையில் கட்டிடமே விழுந்தது. 2011இல் ஜப்பானின் மினாமிசன்ரிக்கு ஊரில் சுனாமி எச்சரிக்கையை ஒலிபரப்பிக்கொண்டிருந்த பேரிடர் மேலாண்மைக் கட்டிடத்தையே அலை மூடியது, உள்ளே கடைசி வரை பேசிக்கொண்டிருந்த ஊழியர் உட்படப் பலர் மாண்டார்கள். உங்கள் அறை தரைத்தளத்தில் இருக்கிறதா, ஜெனரேட்டர் அதற்கும் கீழே நிலவறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது இடம் ஒன்றைக் குறித்து, அங்கே ஒரு ஆன்டெனாவையும் ஒரு பெட்டியையும் இப்போதே வைத்துவிடுங்கள். மையம் இடம் மாறும் 40 நிமிடத்தில் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

வயர்லெஸில் பேசும் முறைக்கு அரை நாள் பயிற்சி போதும், ஆனால் அந்த அரை நாள் கட்டாயம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒரு செய்தியைச் சொல்லி, எழுதி, திருப்பிப் படிக்க ஒரு நிமிடம் ஆனால் மணிக்கு 60 செய்திக்கு மேல் போகாது. 20 முகாம்கள் மணிக்கு ஒருமுறை நிலவரம் சொன்னால் மூன்றில் ஒரு பங்கு நேரம் அதிலேயே போய்விடும். ஆகவே மீட்புக்கு ஒரு சேனல், சரக்குக்கும் முகாமுக்கும் வேறொரு சேனல். குறியீட்டு எண்கள் வேண்டாம், ஒவ்வொரு துறைக்கும் அதன் குறியீடு வேறு. பச்சைத் தமிழில் பேசலாம். ஆனால் தமிழில் சில சொற்கள் இரைச்சலில் ஆளைக் கவிழ்க்கும். எழுபதும் எண்பதும் ஒன்றாகக் கேட்கும், அறுபதும் இருபதும் அப்படியே. ஆறு என்றால் எண்ணா, ஓடுகிற ஆறா? எல்லாவற்றையும்விட ஆபத்தானது ‘வேண்டும்’, ‘வேண்டாம்’. கடைசி அசை வெட்டுப்பட்டால் இரண்டும் ஒன்று. படகு வேண்டுமா, வேண்டாமா என்பதில் அந்த அசை ஓர் உயிர். ஆகவே எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்வதும், ‘வேண்டும்’ என்பதற்கு ‘அனுப்புங்கள்’, ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நிறுத்துங்கள்’ என்று சொல்வதும் விதியாக இருக்கட்டும்.

‘கட்டுப்பாட்டு அறை, இது பள்ளி முகாம். செய்தி உண்டு.’
‘பள்ளி முகாம், எழுதத் தயார், சொல்லுங்கள்.’
‘முகாமில் ஆட்கள் ஒன்று, எட்டு, சுழியம். டயாலிசிஸ் நோயாளி இரண்டு பேர். வாகனம் அனுப்புங்கள். நேரம் 16.20.’
‘பள்ளி முகாம், திருப்பிச் சொல்கிறேன்: ஆட்கள் ஒன்று, எட்டு, சுழியம். டயாலிசிஸ் இரண்டு. வாகனம் அனுப்பச் சொல்கிறீர்கள். 16.20.’
‘சரி. முடிந்தது.’

இதை எழுதும் தாளில் எண், நேரம், அனுப்பியவர், பெறுபவர், செய்தி, என்ன செய்யப்பட்டது என்று ஆறு கட்டம் இருந்தால் போதும். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் தாள்களை அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் புரட்டிப் பார்க்க வேண்டும். வந்து சேர்ந்த பிறகு மேசையிலேயே தொலைந்துபோகும் செய்திகள் அங்கேதான் சிக்கும்.

இனி பொதுமக்கள். வழக்கமாக வெளியாகும் அறிவிப்பு இப்படி இருக்கும்: ‘கனமழை காரணமாக ஆற்றில் நீர்வரத்து அதிகரித்துள்ளதால் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் எச்சரிக்கையுடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ இதைப் படித்து ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். தன் வீடு தாழ்வான பகுதி என்று யாரும் நினைப்பதில்லை. எச்சரிக்கையுடன் இருப்பது என்றால் என்ன செய்வது என்று தெரியாது. எப்போது என்றும் இல்லை, சொல்வது யார் என்றும் இல்லை. எச்சரிக்கை பெற்ற மனிதர்கள் உடனே ஓடுவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பார்கள், மகளுக்குப் போன் செய்வார்கள், டிவி போட்டுப் பார்ப்பார்கள். செய்தி எவ்வளவு மொட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் இந்த விசாரிப்பில் கழியும். அதனால் ஐந்து விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: யார் சொல்கிறார்கள், என்ன வருகிறது, எந்த இடத்துக்கு, எத்தனை மணிக்குள், என்ன செய்ய வேண்டும்.

‘நகராட்சி ஆணையர் அறிவிப்பு. ஆற்று வெள்ளம் இன்று மாலை 6 மணிக்குள் ரயில் பாதைக்குக் கிழக்கே உள்ள எல்லாத் தெருக்களிலும் புகும். தரைத்தளத்தில் ஆள் உயரம் நிற்கும். இப்போதே கிளம்புங்கள். 5 மணிக்குள் மேட்டுத்தெருப் பள்ளிக்குப் போய்விடுங்கள். பழைய பாலத்தில் போகாதீர்கள். நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால் மாடி ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், வருகிறோம். அடுத்த அறிவிப்பு 4.30 மணிக்கு.’

தெருப் பெயரும் எல்லைக்கோடும் மக்கள் வாயில் புழங்குகிறவையாக இருக்க வேண்டும், வார்டு எண் யாருக்கும் நினைவிருக்காது. வினைச்சொல் கட்டளையாக இருக்கட்டும். 2011 சுனாமியின்போது ஜப்பானின் ஓராய் நகரில் ‘வெளியேறும்படி வேண்டுகிறோம்’ என்ற வழக்கமான பணிவை விட்டு, ‘வெளியேறு’ என்று ஆணையாகவே ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்த வேற்றுக்குரலே மக்களை உலுக்கியது. அதே சுனாமியில் இன்னொரு பாடமும் உண்டு. முதல் எச்சரிக்கை இவாத்தே கடற்கரைக்கு 3 மீட்டர் அலை என்றது. பிறகு அது 10 மீட்டருக்கு மேல் என்று திருத்தப்பட்டது. அதற்குள் பல இடங்களில் மின்சாரம் போயிருந்தது. பலர் காதில் விழுந்தது அந்த முதல் 3 மட்டும்தான், கடல் தடுப்புச் சுவர் உயரமாக இருக்கிறதே என்று அங்கேயே இருந்துவிட்டார்கள். இப்போது ஜப்பான் வானிலை முகமை மிகப் பெரிய நிலநடுக்கத்துக்கான முதல் எச்சரிக்கையில் மீட்டர் சொல்வதில்லை, ‘மாபெரும்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. உறுதியில்லாத எண்ணை முதல் செய்தியில் போடாதீர்கள். உங்கள் முதல் செய்தியே பலருக்குக் கடைசிச் செய்தியாக இருக்கலாம்.

எந்த வழியில் அனுப்புவது? குறுஞ்செய்திக்கும் செல் பிராட்காஸ்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகப் போகிறது. நொடிக்கு 50 அனுப்பும் இணைப்பில் 60,000 எண்ணுக்கு 20 நிமிடம். தமிழ் போன்ற எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகள்தான், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியாகவே எண்ணப்படும். உங்கள் செய்தி மூன்று துண்டானால் 20 நிமிடம் ஒரு மணி நேரமாகிறது. செல் பிராட்காஸ்ட் அப்படியல்ல. கோபுரம் ஒருமுறை சொல்ல, அதன் எல்லைக்குள் இந்த வசதியுள்ள கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். எண் தேவையில்லை, நெரிசல் பாதிக்காது, வெளியூரிலிருந்து வந்தவருக்கும் போகும். ஜெர்மனி ஆர் வெள்ளத்துக்குப் பிறகுதான் இதை ஏற்படுத்தியது, 2023 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் நாட்டில் இந்த வசதியைத் தேசிய அல்லது மாநில அமைப்பு வைத்திருக்கலாம். அப்படியென்றால் உங்கள் வேலை, அவர்களிடம் கோரிக்கை வைக்கும் படிவம், எண், எத்தனை நிமிடத்தில் அனுப்புவார்கள் என்ற ஒப்புதல் ஆகியவற்றை இப்போதே வாங்கி வைப்பது.

சைரன் வெளியில் இருப்பவர்களுக்கு மட்டுமே. மழையிலும் காற்றிலும் மூடிய ஜன்னலுக்குள் கேட்காது. கேட்டாலும் என்ன பொருள் என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா தீயில் சைரன்கள் ஒலிக்கப்படவில்லை. சைரன் என்றாலே சுனாமி என்று பழகிய மக்கள் மலைப்பக்கம், அதாவது தீயின் பக்கம் ஓடியிருப்பார்கள் என்று பொறுப்பாளர் பின்னர் விளக்கம் சொன்னார். குரலோடு பேசும் சைரன் இருந்தால் அந்தச் சிக்கல் பாதி தீரும். இல்லையென்றால் வாகனத்தில் ஒலிபெருக்கி, வீடு வீடாகத் தட்டுவது. ஒரு வீட்டுக்கு ஒரு நிமிடம் என்றால் இருவர் கொண்ட குழு மணிக்கு 60 வீடு. எத்தனை குழு வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும். காது கேளாதவர், பார்வையற்றவர், ஊர் மொழி தெரியாத தொழிலாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை வரைபடத்தில் முன்பே குறித்து, அந்த வீடுகளுக்குப் போகும் ஆளையும் நியமித்துவிடுங்கள்.

தவறான எச்சரிக்கை போனால் என்ன செய்வது என்பதையும் எழுதாமல் விடாதீர்கள். 2018 ஜனவரி 13 காலை 8.07க்கு ஹவாயில் எல்லாக் கைபேசிக்கும் ஏவுகணை வருகிறது என்று எச்சரிக்கை போனது. ஒத்திகை நேரத்தில் உண்மையான எச்சரிக்கை வெளியேறிவிட்டது. தவறு என்று அனுப்பியவர்களுக்குச் சில நிமிடங்களிலேயே தெரியும். ஆனால் அதே வழியில் திருத்தம் போக 38 நிமிடம் ஆனது, ஏனென்றால் ‘முந்தைய செய்தி தவறு’ என்று அனுப்பத் தயார் செய்த வார்ப்பு (முன்பே எழுதி வைத்த மாதிரிச் செய்தி) எதுவும் இல்லை. அந்த 38 நிமிடத்தில் சில பெற்றோர்கள் பிள்ளைகளைப் பாதாள சாக்கடைக்குள் இறக்கினார்கள். ரத்துச் செய்தியை முதல் நாளே எழுதி, கணினியில் தயாராக வையுங்கள். எச்சரிக்கையை இருவர் சேர்ந்தே அனுப்பும்படி செய்யுங்கள், ஒத்திகைத் திரையும் உண்மைத் திரையும் வேறு நிறத்தில் இருக்கட்டும்.

வதந்தியை அடக்க ஒரே வழி, சொன்ன நேரத்துக்குத் தவறாமல் பேசுவது. மணிக்கு ஒருமுறை என்று சொன்னால் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் அந்த மணிக்கு வாருங்கள்: இதுவரை தெரிந்தது இது, இன்னும் உறுதியாகாதது இது, இப்போது செய்துகொண்டிருப்பது இது, அடுத்து இத்தனை மணிக்கு வருகிறோம். ஒரே ஆள் பேசட்டும். தொழில்நுட்பக் கேள்விக்குப் பொறியாளரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொல் குறைந்தது மூவரிடம் இருக்க வேண்டும். அந்த ஏவுகணை எச்சரிக்கை போன அன்று ஹவாயின் ஆளுநர் ட்விட்டரில் மறுப்பு வெளியிடத் தாமதமானதற்குத் தன் கணக்கின் உள்நுழைவு விவரம் தெரியாததும் ஒரு காரணம் என்று சொன்னார்.

ஒத்திகையை மேசையில் மட்டும் நடத்தி முடிக்காதீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஞாயிறு அதிகாலை போல ஒரு நேரத்தில், முன்னறிவிப்பில்லாமல் அழைப்புச் சங்கிலியை இயக்கி, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று எண்ணுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருடைய கைபேசியையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, நான்கு மணி நேரம் வயர்லெஸிலும் தாளிலும் மட்டும் ஊரை நடத்திப் பாருங்கள். முதல் அரை மணியிலேயே பத்துக் குறை வெளிவரும். சார்ஜருக்குப் போதிய பிளக் இல்லை, முகாமின் அழைப்புப் பெயர் இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கிறது, வரைபடம் கணினியில் மட்டும் இருக்கிறது. அன்றே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளையும் ஒரு தேதியையும் போடுங்கள்.

முழுத் திட்டம் எத்தனை பக்கமானாலும், பணியில் இருப்பவர் கையில் இருக்க வேண்டியது நான்கு தாள்: அதிகார வரிசை, தொடர்புப் பட்டியல், சேனல் பட்டியலும் மாறும் விதியும், நிரப்பிய அறிவிப்பு வார்ப்புகள். லேமினேட் செய்து மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கட்டுப்பாட்டு அறையில், ஒன்று இரண்டாவது இடத்தின் பெட்டியில், ஒன்று இரவுப் பணியாளரின் வாகனத்தில். ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி போட்டு, புதியது வந்த அன்றே பழையதைக் கிழித்துவிடுங்கள்.